நாலு முழுப் பருப்பு

ஒரு கேள்வி கேட்டால் அவர் உடனே பதில் சொல்லமாட்டார். கேட்டவருடைய முகத்தையும் பார்க்கமாட்டார். கையில் இருக்கும் வேலையைச் சற்று நிறுத்தி, கேட்ட கேள்வி தரையில் எங்கோ விழுந்து கிடப்பதுபோலக் குனிந்து பார்ப்பார். பிறகு சொல்வார். பெரும்பாலும் இரண்டு மூன்று சொற்கள்தான். அதில் கூட்டிச் சொன்னது எதுவும் இருக்காது, குறைத்துச் சொன்னதும் இருக்காது.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. முன்பு ஒருமுறை, அவர் பெயரை எழுதாமல் எண்ணை மட்டும் எழுதிவிட்டு, அதையே பெரிய நேர்மை என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அந்த எண்ணையும் எழுதவில்லை.

நான் நாகர்கோவிலில் உளவியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். ஒருவருடைய இயல்புக்கும், வேலை செய்யும் இடத்தில் அவர் நடந்துகொள்ளும் விதத்துக்கும் என்ன தொடர்பு என்பதுதான் என் ஆய்வு. பொறுப்புணர்வு உள்ளவர் வேலைக்கு ஒழுங்காக வருவாரா, எளிதில் எரிச்சல்படுகிறவர் பக்கத்தில் இருப்பவரோடு சண்டை போடுவாரா, வேலையிடத்துப் பொருளில் கை வைக்கிறவர் எப்படிப்பட்டவர். இதையெல்லாம் வினாத்தாள் வைத்துக் கேட்டு, கட்டங்களில் குறியிட்டு, எண்களாக மாற்றிப் பார்ப்பது. வங்கிகளிலும் பள்ளிக்கூடங்களிலும் பலர் செய்திருந்தார்கள். எங்கள் பக்கத்து அண்டி ஆபீசில் யாரும் செய்ததில்லை. முந்திரிப்பருப்பு ஆலையைத்தான் இங்கே அண்டி ஆபீஸ் என்பார்கள். மற்றவர்கள் செய்யாததைச் செய்தால் பெயர் கிடைக்கும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திருவட்டாறுக்குப் பக்கத்தில் இருந்த ஓர் ஆலையின் மேலாளர் என்னிடம் படித்தவன். அவன் முதலாளியிடம் பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தான். ஒரே பெண்களிடம் இரண்டு முறை, ஆறு மாத இடைவெளியில் கேள்விகள் கேட்க வேண்டும் என்பது என் திட்டம். இது நடந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது.

பருப்பின் மேல்தோலை எடுக்கும் கூடம் அது. தரையில் வரிசை வரிசையாகப் பெண்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தகரத் தட்டு, கையில் பிச்சாத்தி என்னும் சின்னக் கத்தி. தட்டின் விளிம்பில் சிவப்புப் பெயிண்டில் ஓர் எண். ஆலையில் அந்த எண்தான் அவர்கள். பருப்பு உடையாமல் தோல் வரவேண்டும். உடைந்தால் தரம் போய்விடும். மாலையில் வாசலில் ஒரு காவல்காரி ஒவ்வொருவருடைய மடியையும் முந்தானையையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவாள்.

வேலை முடிந்தபிறகு சாப்பாட்டுக் கொட்டகையில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொருவராக வருவார்கள். நான் வாக்கியத்தை வாசிப்பேன். அவர்கள் சொல்வதைக் கேட்டுக் குறியிடுவேன். பெரும்பாலோருக்குக் கால் மணி நேரம் போதும்.

"எல்லாத்துக்கும் நல்லதாப் பாத்துப் போட்டுருங்க சாரே, எனக்கு அஞ்சே காலு பஸ்சு போயிரும்" என்றுகூட ஒரு பெண் சொன்னார். நான் சிரித்துக்கொண்டே அப்படித்தான் போட்டேன்.

பெயரை எழுதப்போவதில்லை என்று நான் சொன்ன அந்தப் பெண் உட்கார்ந்தபோது முதல் வாக்கியத்தை வாசித்தேன். "நான் உற்சாகமாக வேலை செய்கிறேன்."

தரையைப் பார்த்தார். "எத்தன மணிக்கு சாரே?"

"பொதுவாக."

"பொதுவான்னா எனக்குத் தெரியாது. காலத்த உற்சாகம் உண்டு. ரெண்டு மணிக்குப் பெறவு கிடையாது. இடுப்பு வலிக்கும்."

"உடன் வேலை செய்கிறவர்களோடு நான் ஒத்துப்போகிறேன்."

"எங்க வரிசையில ஒம்பது பேருகிட்ட ஒத்துப்போவேன். ஒருத்திகிட்ட இல்ல."

பக்கத்து பெஞ்சில் காத்திருந்த இன்னொரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் பெயர் தங்கபாய். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துத் தட்டு; ஒரே ஊர்; ஒரே பஸ். "ஏட்டி, அந்த ஒருத்தி ஆருன்னு சாரு கேக்கல்ல. நீயா சொல்லாத."

"கேட்டா சொல்லுவேன்."

"அதுக்குத்தான் சொல்லுதேன், வாயப் பொத்துன்னு."

அன்று பாதி வினாத்தாள்கூட முடியவில்லை. மீதிக்கு அடுத்த நாளும் வரச் சொன்னேன்.

அந்த அடுத்த நாளில், இவர் வருவதற்கு முன்னால் தங்கபாய் வந்து உட்கார்ந்து தன் தோழியைப் பற்றி என்னிடம் நிறையச் சொன்னார். அவர் பேசியதில் பாதி புகார், பாதி பெருமை.

ஊரில் ஒரு பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தால், அக்கம்பக்கத்தில் இரண்டு வீட்டில் நுழைந்து 'பெண் எப்படி' என்று விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். விசாரிக்கப்படுகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்பது விசாரிக்கிறவர்களுக்கும் தெரியும். தங்கம் என்பார்கள், தலை நிமிர்ந்து நடக்காது என்பார்கள். இவர் வீட்டில் கேட்டபோது இவர் யோசித்துவிட்டு, "நல்ல பிள்ளைதான். கோவம் வந்தா பாத்திரத்த எறியும். எல்லா நாளும் இல்ல, மாசத்துல ஒண்ணு ரெண்டு நாளு" என்று சொல்லிவிட்டார். அந்தக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் தாய்க்கு இந்தப் பதில்தான் பிடித்துப்போயிற்றாம். ஆனாலும் அதன்பிறகு அந்தத் தெருவில் யார் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தாலும், அவர்களை இவர் வீட்டு வழியாக நடக்கவிடாமல் வாழைத்தோட்டத்தைச் சுற்றி அழைத்துப்போனார்கள்.

"சபையில ஒருநாளு பெண்கள் கூட்டத்துல சாட்சி சொல்லச் சொன்னாங்க சாரே" என்றார் தங்கபாய். "எல்லாரும் எந்திச்சு, இந்த வாரம் ஆண்டவரு எனக்கு அது செய்தாரு, இது செய்தாருன்னு சொல்லுதாங்க. இவ எந்திச்சு நிண்ணு, 'இந்த வாரம் எனக்கு ஒண்ணும் செய்யல்ல. போன வாரம் மழைய நிப்பாட்டினாரு'ன்னு சொல்லிட்டு இருந்துட்டா. பாஸ்டரம்மாவுக்கு சிரிக்கவும் முடியல்ல, ஏசவும் முடியல்ல."

"உங்களுக்கு அவர்மேல் கோபம் வராதா?"

"வரும். ஆனா, எனக்கு ஒரு காரியம் உள்ளது உள்ளபடி தெரியணும்னா அவகிட்டதானே கேக்கணும். வேற ஆருகிட்ட கேக்க?"

அன்று தங்கபாய் பஸ்ஸுக்குப் போனபிறகு இவர் வந்து உட்கார்ந்தார். மீதி வாக்கியங்களை வாசித்தேன். கடைசிப் பகுதியில் ஒரு வாக்கியம் வந்தது. "வேலையிடத்திலிருந்து எதையாவது நான் வீட்டுக்கு எடுத்துச் சென்றதுண்டு." கூடத்தில் இருந்த எல்லாப் பெண்களும், நான் வாசித்து முடிப்பதற்கு முன்பே, "அய்யோ, இல்ல சாரே" என்றிருந்தார்கள்.

இவர் வெகுநேரம் குனிந்திருந்தார். "இது வேற ஆருக்கும் போகாதுல்லா?"

"நான் உயிரோடு இருக்கும்வரை யாருக்கும் போகாது" என்றேன். சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. அப்போது ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னேன்.

"நாலு எண்ணம் எடுத்திருக்கேன். ஒரே தடவ. முழுப் பருப்பு."

அவருடைய மகள் ஐந்தாம் வகுப்பு. வகுப்பில் நம் ஊர்ப் பொருள்களைப் படம் வரையச் சொன்ன ஆசிரியை இவளிடம், உன் அம்மாவுக்கு அண்டி ஆபீசில்தானே வேலை, நீ முந்திரிப்பருப்பை வரை என்று சொல்லியிருக்கிறார். பிள்ளைக்கு முழுப் பருப்பு எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. கிறிஸ்துமஸ் பாயசத்தில் போடும் பொடிப் பருப்பைத்தான் அது பார்த்திருக்கிறது.

"கொண்டைக்குள்ள வச்சுக் கொண்டுபோனேன். தங்கபாய்தான் கட்டிவிட்டா. அவளுக்கு மட்டும் தெரியும். மூணப் பிள்ள தின்னுது. ஒண்ண வச்சு வரஞ்சுது. பெறவு அதயும் தின்னுது."

வினாத்தாளில் நான்கு கட்டங்கள் இருந்தன. ஒருபோதும் இல்லை, எப்போதாவது, சில வேளைகளில், அடிக்கடி.

"ஒரே தடவன்னு ஒரு கட்டம் இல்லியா?"

"இல்லை. 'எப்போதாவது' என்று போடட்டுமா?"

"போடுங்க. ஆனா அது சரியில்ல சாரே."

சரியில்லை என்று எனக்கும் தெரிந்தது. போட்டேன்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

முதல் சுற்று முடிந்து, விடைகளை அட்டவணையாக்கி எடுத்துக்கொண்டு மேலாளரைப் பார்க்கப் போனேன். அடுத்த சுற்றுக்கு நாள் கேட்பதற்காக. அவன் டீ வரவழைத்தான். "சார், முதலாளி கேக்காரு. நாம இவ்வளவு நாளு கொட்டகையும் மேசையும் குடுத்தோமே, நமக்கு என்ன கிடைச்சுதுன்னு. பேரு ஒண்ணும் வேண்டாம். ஒரு லிஸ்ட் மட்டும் குடுங்க, காட்டிருதேன்."

என் அட்டவணையில் பெயர்கள் இல்லை, எண்கள்தான். ஆனால் நான் புதிதாக எண்கள் கொடுக்கவில்லை. ஆறு மாதம் கழித்து அதே ஆளைக் கண்டுபிடிக்க வசதியாக இருக்கும் என்று தட்டின் விளிம்பில் இருந்த எண்ணையே எழுதியிருந்தேன். என் துறையில் யாரும் செய்யக்கூடாத காரியம். என் மாணவர்கள் செய்திருந்தால் திட்டியிருப்பேன். சோம்பலால் செய்தேன்.

தாளைப் பையிலிருந்து எடுக்கும்போது அது எனக்கு நினைவு வந்துவிட்டது. மறந்துபோய்க் கொடுத்தேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். என் கை நின்றது. அவன் கையை நீட்டிக்கொண்டே, "ரெண்டாவது ரவுண்டு எப்ப வாறீங்க சார்?" என்று கேட்டான். கொடுக்காவிட்டால் அந்த இரண்டாவது சுற்று நடக்காது என்று எனக்குத் தோன்றியது. கொடுத்துவிட்டேன்.

பொருள் எடுத்ததைப் பற்றிய கடைசிப் பத்தி மேலிருந்து கீழ்வரை சுழியம். ஓர் இடத்தில் மட்டும் ஒன்று. அவன் பார்த்தான். மேசை இழுப்பறையில் வைத்தான். அவன் எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஆறு மாதம் கழித்துப் போனபோது கூடத்தில் அந்தத் தட்டின் முன்னால் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தார். நடந்ததைத் தங்கபாய் சொன்னார்.

நான் அட்டவணையைக் கொடுத்த மறுவாரமே மேலாளர் கூடத்துக்கு வந்திருக்கிறான். எல்லாருக்கும் நடுவில் இவரை எழுப்பி நிறுத்தி, "நீ இஞ்ச இருந்து எதுவும் எடுத்துட்டுப் போயிருக்கியா?" என்று கேட்டிருக்கிறான். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவனால் எதையும் நிரூபித்திருக்க முடியாது. காவல்காரி ஒருநாளும் பிடித்ததில்லை. இவர் தரையைப் பார்த்திருக்கிறார். "ஆமா. நாலு" என்று சொல்லியிருக்கிறார்.

தட்டை வைத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டான். போகும் வழியில் இவர் தங்கபாய் முன்னால் நின்றிருக்கிறார்.

"நான் சொல்லல்ல மக்கா, என் பிள்ளைகள் மேல சத்தியம், நான் சொல்லல்லன்னு கரஞ்சு அழுதேன் சாரே. 'வேற ஆருக்கும் தெரியாது'ன்னு சொல்லுதா. சாருகிட்ட சொன்னியான்னு கேட்டேன். 'சொன்னேன். சாரு வாக்குத் தந்திருக்காரு'ன்னு சொல்லிட்டா. அதோட என்கூட பேச்சில்ல. பஸ்சுல கண்டாலும் அடுத்த பஸ்சுல ஏறுதா." தங்கபாய் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சாரே, நீங்க சொன்னீங்களா?"

"நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை" என்றேன்.

வாயால் நான் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அந்தக் கணக்கில் அது உண்மை. அந்த வாக்கியத்தை அப்படிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன்.

அதோடு நிற்கவில்லை. வினாத்தாளை எடுத்து அவரிடம் இரண்டாம் சுற்றுக் கேள்விகளைக் கேட்கத் தொடங்கினேன். "உடன் வேலை செய்கிறவர்கள் என்னை நம்புகிறார்கள்" என்ற வாக்கியம் வந்தபோது தங்கபாய் உடைந்து அழுதார். அழுது முடிக்கும்வரை பேனாவை மூடாமல் காத்திருந்தேன். "இல்லன்னு போடுங்க" என்றார். போட்டேன்.

கட்டுரை வெளிவந்தது. பொறுப்புணர்வு மிகுந்தவர்கள் வேலையிடத்துப் பொருளில் கை வைப்பதில்லை என்பது முடிவு. ஒருவர் இரண்டாம் சுற்றில் கிடைக்காததால் நீக்கப்பட்டார் என்று அடிக்குறிப்பில் ஒரு வரி எழுதினேன். அந்த ஒருவரைச் சேர்த்தால் முடிவு அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. ஏனென்றால் மற்ற எல்லாக் கேள்விகளின்படியும் அவ்வளவு பொறுப்பான ஆள் அந்தக் கூடத்திலேயே அவர்தான். உண்மையில் நான் கண்டுபிடித்தது, தங்களைப் பற்றி நல்லதாகச் சொல்கிறவர்கள் எல்லாவற்றிலும் நல்லதாகவே சொல்கிறார்கள் என்பது மட்டும்தான். அது எனக்கு அன்றே தெரியும். அந்தக் கட்டுரையால் எனக்குத் துறைத்தலைவர் பதவி வந்தது; கருத்தரங்குகளுக்குக் கூப்பிட்டார்கள். போனேன்.

சென்ற வருடம், நான் வேலை பார்த்த கல்லூரியில் ஆய்வு மாணவர்களுக்கு ஆய்வுநெறி பற்றிப் பேச அழைத்தார்கள். தகவல் தந்தவர்களின் ரகசியத்தைக் காப்பது எப்படி என்று ஒரு மணி நேரம் பேசினேன். முடிவில் ஒரு மாணவி எழுந்து, "சார், உங்க ஆய்வால யாருக்காவது பாதிப்பு வந்திருக்கா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன். குரல் தடுமாறவில்லை. கைதட்டினார்கள்.

மறுநாள் காலை காரை எடுத்துக்கொண்டு திருவட்டாறுக்குப் போனேன். ஆலை மூடிக் கிடந்தது. எதிர்க் கடைக்காரரிடம் விவரம் சொல்லிக் கேட்டேன்.

"உள்ளதச் சொல்லுத அக்காவா? இஞ்ச இருந்து எறக்கிவிட்ட பெறவு வேற அண்டி ஆபீசுலயும் சேக்கல்ல. ஒரு எடத்துல பேரு கெட்டா மற்ற எடத்துக்கும் போயிருமே. ரப்பர் தோட்டத்துலயெல்லாம் கெடந்து கஷ்டப்பட்டுது. இப்ப திற்பரப்புல, அருவிக்குப் போற வழியில அன்னாசி விக்குது."

திற்பரப்பில் குளித்துவிட்டு வந்த ஒரு குடும்பம் அவர் கடையின் முன்னால் நின்றிருந்தது. அவர் தலை நரைத்திருந்தது. குனிந்த நிலையில்தான் அவரை அடையாளம் கண்டேன்.

"அக்கா, இது இனிக்குமா?"

"அடிப்பக்கம் இனிக்கும். மேல பாதி புளிக்கும்."

அவர்கள் அடுத்த கடைக்குப் போனார்கள். அடுத்த கடைக்காரப் பெண், "வாங்க, வாங்க, எனக்கது முழுசும் தேனாக்கும்" என்று சொல்லிக் கீறிக் கொடுத்துவிட்டு, இவரைப் பார்த்து, "ரெண்டு பேரும் ஒரே வண்டியில இருந்துதான் எடுத்தோம்னும் சொல்லிரு" என்றாள்.

"கேட்டா சொல்லிருப்பேன்" என்றார் இவர்.

பிறகு என்னைப் பார்த்தார். "சாருக்கு வயசாயிட்டு. இன்னும் கேள்வி கேக்குதியளா?"

"இல்லை. ஒன்று சொல்ல வந்தேன்."

நின்றுகொண்டே சொன்னேன். அட்டவணை, எண், மேலாளர், இழுப்பறை. தங்கபாய் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். அவர் கையில் பாதி கீறிய அன்னாசி இருந்தது. கத்தியை அதிலேயே விட்டுவிட்டார்.

"அவரு கேட்டாரா, நீங்களா குடுத்தியளா?"

"கேட்டான். கொடுத்தேன்."

"அது எங்க தட்டு நம்பருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"குடுக்கதுக்கு முந்தியா, குடுத்த பெறவா?"

இப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் என்னை இப்படிக் கேட்டுக்கொண்டதில்லை. "முந்தியே" என்றேன்.

"தங்கபாய் உங்ககிட்ட கேட்டாளா?"

"கேட்டார். நான் சொல்லவில்லை."

அவர் என்னை ஏசவில்லை. அன்னாசிகள்மேல் சாக்கை இழுத்து மூடினார். கையைக் கழுவினார். அடுத்த கடைக்காரியிடம், "ஏட்டி, பாத்துக்கோ, நான் ஒரு எடம் வரைக்கும் போயிட்டு வாறேன்" என்றார்.

"எங்க?"

"அஞ்சுகிராமத்துக்கு." என்னிடம் திரும்பினார். "தங்கபாய் அங்க மகன் வீட்டுல இருக்கா. வண்டி இருக்குல்லா? வாங்க. எங்கிட்ட சொன்னத அங்க வந்து சொல்லுங்க."

அப்போது மணி பதினொன்று.

மாவட்டத்தின் மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரத்தில் அவர் பேசியது கொஞ்சம்தான். மகளைப் பற்றி விசாரித்தேன். "மஸ்கட்டுல நர்சு. அண்டிப்பருப்பு மட்டும் தின்னமாட்டா" என்றார். குலசேகரம் தாண்டியதும் தானாகவே, "தங்கபாய் மகளுக்குக் கல்யாணம் வச்சப்ப வீடு தேடி வந்தா. நான் கதவு தெறக்கல்ல. அவ மாப்பிள மரிச்சப்பவும் போகல்ல" என்றார். தக்கலையில் சிக்னலில் நின்றபோது, என்னை மன்னிக்க முடியுமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. நாகர்கோவில் வரும்வரை மிதியடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பம் தெரியல்ல" என்றார்.

தங்கபாய் வீட்டு முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மூட்டு வீங்கியிருந்தது. வாசலில் நின்றவரைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தார். "நீயா" என்றார்.

இவர் படியில் நின்றபடியே, "சாரு ஒரு காரியம் சொல்லணும்னு வந்திருக்காரு. கேளு" என்றார்.

சொன்னேன். இரண்டாம் முறை சொல்லும்போது எளிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. தங்கபாய் முழுவதும் கேட்டார்.

"நான் அன்னைக்கே உங்ககிட்ட கேட்டேன் சாரே."

"ஆமாம்."

"யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல்லன்னு சொன்னீங்க. வெள்ளச் சட்ட போட்டுட்டு இருந்தீங்க. அதும் எனக்கு ஓர்மை உண்டு." பிறகு என்னை விட்டுவிட்டார். "இப்ப வந்து இத எனக்கு எதுக்குச் சொல்லுதீங்க? நான் சொல்லல்லன்னு எனக்குத் தெரியாதா? தெரியாதது இவளுக்குத்தானே."

"நான் நெனச்சது தப்பு" என்றார் இவர்.

"எதுவரைக்கும் நெனச்ச?"

"இன்னைக்கு பதினோரு மணி வரைக்கும்."

தங்கபாயின் முகம் சுருங்கியது. அவர் அடுத்ததாக என்ன கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்காமல் இருக்கவேண்டும் என்று நினைத்தேன். கேட்டால் இவர் ஒருமுறை, இந்த ஒரே ஒருமுறை, பொய் சொல்லவேண்டும் என்று நினைத்தேன்.

"இத்தன வருசத்துல ஒருநாளுகூட உனக்குத் தோணல்லியா மக்கா, தங்கபாய் சொல்லியிருக்கமாட்டான்னு? ஒருநாளு?"

இவர் குனிந்து தரையைப் பார்த்தார். உள்ளே குக்கர் சத்தம் போட்டு அடங்கியது.

"இல்ல" என்றார்.

தங்கபாய் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒவ்வொரு அடியாக வைத்து உள்ளே போனார். கதவை அடைக்கவில்லை.

இருபது வருடங்களுக்கு முன், படியில் நின்றவருடைய வேலையை எடுத்துக்கொண்டேன். இந்தமுறை, என் பாரம் இறங்க வேண்டும் என்று போய், தனக்கு ஒரு துரோகம் நடந்தது என்று அவர் பிடித்துக்கொண்டு நின்ற கடைசிக் கம்பையும் பிடுங்கிவிட்டேன். இப்போது அந்தப் படியில் குற்றவாளியாக நின்றது அவர். அவர் பக்கத்தில் நான் சும்மா நின்றேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏட்டி, அந்தாளு போயாச்சா?"

"இல்ல. நிக்காரு."

"போகச் சொல்லு. பெறவு நீ உள்ள வா."

சொல்லும்வரை நான் காத்திருக்கவில்லை. காரை அஞ்சுகிராமம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஓரமாக நிறுத்தி உட்கார்ந்திருந்தேன். அவரை அவ்வளவு தூரம் தனியாக விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. வெயில் சாய்ந்தபிறகு அவர் வந்தார். அழுதிருந்தார். அழுததற்குமேல் அந்த முகத்தில் என்னால் எதுவும் படிக்க முடியவில்லை. நாற்பது வருடம் அதைத்தான் தொழிலாகச் செய்திருக்கிறேன்.

காரை விட்டு இறங்கினேன். "வாங்க, கொண்டுபோய் விடுகிறேன்."

"பஸ்சு இருக்கு."

"தங்கபாய் என்ன சொன்னார்?"

அவர் வழக்கம்போல யோசித்தார். ஆனால் இந்தமுறை தரையைப் பார்க்கவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அது உங்ககிட்ட சொல்லுததுக்கு இல்ல சாரே" என்றார்.

நாகர்கோவில் பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்.